டிராம் போகுது, வேற ஒண்ணுமில்ல

“டிராம் போகுது, வேற ஒண்ணுமில்ல.”

என் வீட்டுக்காரர் பஹ்கத் இதை நான்கு மாதம், ஒரு நாள் விடாமல், சில நாள் பத்துத் தடவை, வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்து மாதிரி வேளைக்கு வேளை சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய கம்ப்யூட்டர் ‘டிக்’ என்றால் டிராம் போகிறது. ‘டிக் டிக்’ என்றால் எதிர்ப்பக்கம் இன்னொரு டிராம் வருகிறது. படம் திறக்காமல் நின்றால், டிராம் போய் முடியட்டும் என்று அது காத்திருக்கிறதாம். அவ்வளவு மரியாதை தெரிந்த பெட்டி.

இந்த ரகத்து ஆள் உங்களுக்கும் தெரியும். தெரியாமல் இருக்க முடியாது, வீட்டுக்கு ஒருவர் உண்டு. காரில் சிவப்பு விளக்கு எரிந்தால் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டு, இப்போது கண்ணை உறுத்தவில்லை என்று நிம்மதியாக ஓட்டுகிறவர். மேற்கூரைச் சுண்ணாம்புக் காரை பெயர்ந்து தட்டில் விழுந்தால் தட்டை நகர்த்திப் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறவர். பல் வலித்தால் இந்தப் பக்கம் மெல்லாமல் அந்தப் பக்கம் மென்று, அந்தப் பக்கமும் வலிக்க ஆரம்பித்தால் சூப்புக்கு மாறி, “எனக்கு இப்பல்லாம் சூப்புதான் பிடிக்குது” என்று ஊருக்கே சொல்கிறவர். இவர்களுக்கு ஆபத்து பிடிக்காது என்று நினைக்காதீர்கள். ஆபத்தைப் பற்றி இவர்களுக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆபத்து வருகிறது என்று சொல்கிறவர்மேல்தான் கோபம்.

பஹ்கத் இந்த ரகத்தில் முதல் தரம்.

பக்கோஸில் டிராம் தண்டவாளத்தைப் பார்த்த மாதிரி எங்கள் கட்டடம். மாடியில் வீடு, கீழே அவருடைய ஸ்டூடியோ. அலெக்ஸாண்ட்ரியாவின் இந்தப் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக யார் கல்யாணம் செய்துகொண்டாலும் அவர்தான் படம் பிடிப்பார். அத்தனை மணப்பெண்களும், அத்தனை மாமியார்களும், வாங்காமல் விட்டுப்போன அத்தனை ஆல்பங்களும் அந்த ஒரே பெட்டிக்குள் இருந்தன. பெட்டிக்கு மேலே என் நாத்தனார் பின்னிக் கொடுத்த பூவேலைத் துணி, காற்றுப் போகும் ஓட்டையெல்லாம் அடைபடும்படி அழகாக விரித்திருக்கும். துணிமேல் கண்ணேறு படாமல் இருக்க நீல மணி. மணிக்குப் பக்கத்தில் டீ கிளாஸ். பெட்டியின் இடது விலாவில் ஒரு சின்னப் பள்ளம். அது அவர் அறைகிற இடம். பெட்டி நின்றால் உள்ளங்கையால் ஒரு அறை. மறுபடி நின்றால் இரண்டு. “எங்க அடிக்கணும்னு எனக்குத் தெரியும்” என்பார், ஏதோ மதரஸா ஆசிரியர் மாதிரி.

இந்த நான்கு மாதமும் அந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது கரீப் மாமாவின் நடனம்.

கரீப் மாமா எங்கள் பக்கத்துக் கட்டடம். முப்பத்தோரு வருஷம் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் தெற்கே ஸோஹாக் பக்கம், கம்பு நடனத்துக்குப் பேர்போன சீமை, அதனால் அது ரத்தத்தில் இருக்கிறது. மகன் வஹீதின் கல்யாணம் சித்திரை வெயிலில் தமன்ஹூரில், பெண் வீட்டில் நடந்தது. நானும் போயிருந்தேன். அறுபத்தெட்டு வயது மனுஷர் நடுவில் இறங்கினார். கம்பைச் சுழற்றினார், தாயத்து மாதிரி கழுத்தைச் சுற்றி ஓட விட்டார், கடைசியில் அதை விளக்குச் சரத்துக்கு மேலே எறிந்துவிட்டு, ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, திரும்பிக்கூடப் பார்க்காமல், முதுகுக்குப் பின்னால் வலது கையால் பிடித்தார். நானூறு பேர் ஒரு நிமிஷம் வாயை மூடவில்லை.

அதற்கு மூன்றாவது வாரம் பக்கவாதத்தில் அந்த வலது கை விழுந்துவிட்டது. காலும் பாதி. “கை தூங்கிடுச்சு” என்கிறார் அவர். மகனும் மருமகளும் அதற்குள் குவைத் போய்விட்டார்கள். அவர் தினமும் காலையில் எங்கள் ஸ்டூடியோ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். வியாழக்கிழமைகளில் டிப்போவின் பழைய சகாக்கள் மூன்று பேர் டொமினோ ஆட வருவார்கள். தமன்ஹூர் கல்யாணத்துக்கு வராதவர்கள். அதில் ஷஹாத் என்ற ஒருவர், கம்பை முதுகுக்குப் பின்னால் பிடித்ததை ஒப்புக்கொள்வதே இல்லை. அந்த வயதில் முதுகைச் சொறிவதே பெரிய காரியம் என்பார். கரீப் மாமா சண்டை போட மாட்டார். படம் வரட்டும், பார்த்துக்கொள் என்பார், அவ்வளவுதான்.

படம் ஏன் வரவில்லை? நல்ல கேள்வி. எந்தப் படத்தையும் பஹ்கத் சும்மா கொடுக்க மாட்டார். மணப்பெண் தலைக்கு மேலே புறா பறக்க வேண்டும். கேக்கிலிருந்து இதயம் இதயமாகக் கிளம்ப வேண்டும். முன்பெல்லாம் ஒரு புறா பறக்க ஐந்து நிமிஷம் ஆகும். அந்தக் கோடையில் ஒரு புறா கிளம்பி மணப்பெண்ணைத் தாண்டுவதற்குள் நான் கீழே வந்து, மீன்காரனிடம் பேரம் பேசி, மீனைக் கழுவிப் பொரித்து எடுத்துவிடுவேன். நகர்கிறதா என்று எட்டிப் பார்த்தால், புறா மணப்பெண்ணின் மூக்கில் உட்கார்ந்திருக்கும்.

பெட்டி மெதுவாகிவிட்டது என்றேன். வெயில் என்றார். ஒரு ஃபோல்டரின் பெயர் திடீரென்று கோடும் கட்டமுமாக மாறிவிட்டது என்றேன். சீன மொழியில் ஏதோ வந்துவிட்டது, தானாகப் போய்விடும் என்றார். ஒரு மணப்பெண்ணின் பாதி முகம் சாம்பல் கட்டமாகிவிட்டதைக் காட்டினேன். அவள் நிஜத்திலும் அப்படித்தான் இருப்பாள் என்றார்.

பிறகு தண்டவாள வேலைக்காக இரண்டு நாள் டிராமை நிறுத்தினார்கள். தெருவில் அப்படி ஒரு அமைதி. நான் வேண்டுமென்றே கீழே போய் உட்கார்ந்தேன். பெட்டி, டிக். டிக். டிக்.

“இப்ப எந்த டிராம் போகுது?” என்றேன்.

கொஞ்சமும் கூசாமல், கடல் காற்றில் உப்பு ஏறிக் கிடக்கிறது, உப்புக் காற்றில் எல்லாப் பெட்டியும் முனகும் என்றார். மூன்றாம் நாள் டிராம் ஓட ஆரம்பித்ததும் மறுபடி டிராம்தான் காரணம்.

வாசலில் இருந்து கரீப் மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். டிராமைப் பற்றிச் சொன்னால் அவர் பொறுக்க மாட்டார்.

“தம்பி, முப்பத்தோரு வருஷம் ஓட்டினவன் சொல்றேன், டிராம் மேல பழி போடாத. சக்கரத்துல இந்த மாதிரி சத்தம் வந்தா நாங்க ரேடியோவ சத்தமா வைக்க மாட்டோம். முதல்ல ஆளை இறக்குவோம். அப்புறம் வண்டிய டிப்போவுக்குத் திருப்புவோம்.”

“இது கம்ப்யூட்டர் மாமா. இது வேற.”

“அப்ப ஆளுங்க இதுல இல்லையா?”

பஹ்கத் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

நான் படித்தது ஆறாவது வரை. ஆனால் ஒரு விஷயம் தினமும் என் கண்ணில் படும். பெட்டியைப் போட்டவுடன் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் மூன்று வரி இங்கிலீஷ் வரும். பஹ்கத் ஒரு பொத்தானை அழுத்துவார், போய்விடும். அது என்ன என்று கேட்டேன். வரவேற்பு வாசகம் என்றார். ஹோட்டலில் எழுதியிருக்கிற மாதிரி. சரி, இவ்வளவு பிரியமாக வரவேற்கிற பெட்டி என்னதான் சொல்கிறது பார்ப்போம் என்று, ஒரு நாள் காலண்டர் தாளின் பின்பக்கம் அந்த எழுத்துகளைப் படம் வரைகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்து, மருந்துக்கடை டாக்டர் நெர்மீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெண் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு படித்தாள்.

“உங்க ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் செத்துப்போகும்னு போட்டிருக்குக்கா. உள்ள இருக்கறத உடனே நகல் எடுத்துடுங்கன்னு போட்டிருக்கு. தொடரணும்னா ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லுது.”

“நாலு மாசமா தொடர்ந்துட்டிருக்கார்,” என்றேன்.

அன்றைக்கே மீலாதைக் கூப்பிட்டேன். டிராம் ஸ்டேஷனுக்குப் பின்னால் சந்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன், நாற்பது வயது, அதிர்ந்து பேசத் தெரியாத ஆள். வந்தான். பூவேலைத் துணியை எடுத்து மடித்து வைத்தான். டீ கிளாஸைத் தள்ளி வைத்தான். பெட்டியில் காதை வைத்துக் கேட்டான். முகம் மாறிவிட்டது. உடனே அணைத்துவிட்டு, ஹார்ட் டிஸ்க் போகப்போகிறது, உள்ளே முள் தட்டில் இடிக்கிறது, இனி போட்டுப் போட்டு அணைக்காதீர்கள், அறையாதீர்கள், இன்றைக்கே எல்லாவற்றையும் வேறு ஒரு டிஸ்க்கில் எடுத்துவிடுவோம் என்று, வீட்டில் துக்கம் சொல்கிற குரலில் சொன்னான்.

பஹ்கத்துக்குக் கோபம் வந்தது. டிஸ்க்மேல் இல்லை.

“என் கடைக்குள்ள வந்து சாவைப் பத்திப் பேசறியா? முதல்ல வெளிய போய்த் துப்பிட்டு வா.”

மீலாத் வளர்ந்த விதம் அப்படி. வாசலுக்குப் போய் மூன்று தடவை துப்பிவிட்டுத்தான் திரும்ப வந்தான். எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் இதுதானே நடக்கும்? பல் டாக்டர் “எடுக்கணும்” என்றால், நல்ல வார்த்தை சொல்லுங்கள் டாக்டர் என்கிறோம். பிளம்பர் “குழாய் வெடிச்சிடும்” என்றால், முதலில் உன் வாயைக் கழுவு என்கிறோம். குழாய் வெடிக்கும்போது பிளம்பரின் வாய்தான் காரணம் என்று ஊரே ஒத்துக்கொள்கிறது.

நகல் எடுக்க மட்டும் விடுங்கள் உஸ்தாத் என்று மீலாத் கெஞ்சினான். பஹ்கத் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நான் கூட்டிச் சொல்வதாக நினைக்கக் கூடாது.

“காய்ச்சல்காரனைப் பார்க்கப் போறப்ப கையில பொணத்துக்குச் சுத்தற கஃபன் துணி வாங்கிட்டா போவ? உயிரோட இருக்கற பெட்டிக்கு நகல் எடுத்து வெச்சா, அது என்ன நினைக்கும்?”

அது என்ன நினைக்கும்! இருபத்தெட்டு வருஷமாக நான் என்ன நினைப்பேன் என்று ஒரு நாள் கேட்டதில்லை.

அதோடு, எங்களிடம் ஏற்கெனவே நகல் இருக்கிறது என்று பெருமையாகக் காட்டவும் செய்தார். ‘கல்யாணங்கள்’ என்று ஒரு ஃபோல்டர். பக்கத்திலேயே ‘கல்யாணங்கள் நகல்’ என்று இன்னொன்று. இரண்டும் அதே பெட்டியில், அதே டிஸ்க்கில். ஒரே படகில் இரண்டு பேரை ஏற்றிவிட்டு, ஒருவர் மூழ்கினால் மற்றவர் இருக்கிறாரே என்கிற புத்தி. மீலாத் எதுவும் பேசவில்லை. பேசினால் மறுபடி துப்ப வேண்டும். மெமரி கார்டாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டான். இருந்தது. வஹீத் கல்யாணத்தை அழித்துவிட்டு, அதிலேயே அதற்குப் பிறகு ஏழு கல்யாணம் பிடித்திருந்தார்.

மீலாத் போன பிறகு பஹ்கத் பெட்டியைச் சுற்றிச் சாம்பிராணி காட்டினார். இரண்டாவது நீல மணி வந்தது.

நான் வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தேன். தொழுகைக்குப் போனால் அவர் நேரே வர மாட்டார், மீன் சந்தைக்குப் போய் மூன்று பேரோடு அரசியல் பேசிவிட்டுத்தான் வருவார். அவர் தலை மறைந்ததும் மீலாத் பின்வாசல் வழியாக ஒரு சின்ன டிஸ்க்கோடு வந்தான். கரீப் மாமாவை வாசல் நாற்காலியில் காவல் வைத்தேன். என்ன செய்யப் போகிறோம் என்று அவருக்குச் சொல்லியிருந்தேன். தலையை மட்டும் ஆட்டினார்.

“எல்லாத்தையும் எடுக்க இதுக்கு ஆயுசு இருக்காதுக்கா,” என்றான் மீலாத். “முதல்ல எது வேணும்னு சொல்லுங்க.”

இருபத்திரண்டு வருஷம். என் மகளுடைய கல்யாணம்கூட அதில் இருந்தது. வாசலைப் பார்த்தேன். கரீப் மாமா இந்தப் பக்கம் திரும்பவே இல்லை, தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

“கம்பு நடனத்தை எடு,” என்றேன்.

திரையில் ஒரு பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. நகர்ந்தது என்றால் நகர்ந்தது. புறாவே தேவலை. டிக் என்கும், நிற்கும், மீலாத் மூச்சைப் பிடித்துக்கொள்வான், மறுபடி ஒரு முடி அளவு நகரும். கால் பாகம். பாதி. முக்கால். நான் சின்ன வயதில்கூட எந்தப் பரீட்சை முடிவையும் இப்படிப் பார்த்ததில்லை. தொண்ணூறைத் தாண்டியபோது மீலாத் முதல் தடவையாகச் சிரித்தான்.

வாசலில் கரீப் மாமா உரக்க இருமினார்.

அன்றைக்கென்று சந்தையில் மீன் வரவில்லை. அரசியல் பேச ஆளும் வரவில்லை. பஹ்கத் உள்ளே வந்தார், வெறும் பையோடு. மீலாதைப் பார்த்தார், சின்ன டிஸ்க்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அவர் முகத்தில் இரக்கம் வந்தது. ஐயோ, என் பெட்டி இப்படித் திணறுகிறதே, இந்த முட்டாள்களுக்கு அதைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லையே என்கிற இரக்கம்.

“மெதுவா போகுதா? இருங்க,” என்றார்.

“உஸ்தாத், வேண்டாம்...”

இடது விலாவில், அந்தப் பள்ளத்தில், ஒரு அறை.

டிக் நின்றது. உண்மையாகவே நின்றது. நான்கு மாதத்தில் முதல் தடவையாகப் பெட்டி சத்தமே போடவில்லை. “பாத்தீங்களா?” என்று எங்கள் பக்கம் திரும்பினார். அப்போதுதான் திரை இருண்டது.

அடுத்து நடந்ததையெல்லாம் விரிவாகச் சொன்னால் எனக்கே ரத்தக் கொதிப்பு வரும். டிஸ்க்கைக் குளிரில் வைத்தால் பிழைக்கும் என்று யாரோ சொன்னார்கள். என் ஃப்ரீஸரில், முலூகியாக் கீரைப் பொட்டலத்துக்கும் புறாக்கறிக்கும் நடுவில், இருபத்திரண்டு வருஷத்து மணப்பெண்கள் பிளாஸ்டிக் பையில் ஒரு இரவும் ஒரு பகலும் கிடந்தார்கள். பஹ்கத் டிஸ்க்கை வெளியே எடுத்து, தலைமுடி உலர்த்துகிற மெஷினால் சூடு காட்டி, இருபது தடவை போட்டுப் போட்டுப் பார்த்தார். கெய்ரோவில் டிஸ்க்கைத் திறந்து பார்க்கிற இடத்துக்கு அனுப்பினோம். முதல் சத்தத்திலேயே கொண்டுவந்திருந்தால் எல்லாம் கிடைத்திருக்கும், இப்போது தட்டு முழுக்கக் கீறல் என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பஹ்கத் அதைப் படித்துவிட்டு எங்கள் எல்லோருக்கும் காரணத்தை விளக்கினார். மீலாத் அன்றைக்குச் சரியாகத் துப்பவில்லையாம்.

என் மகள் கல்யாணத்தைப் பற்றி இன்னும் அவளிடம் சொல்லவில்லை. அவள் கேட்டால் அவருக்கே போனைக் கொடுத்துவிடுவேன்.

சின்ன டிஸ்க்கில் வந்த வரைக்கும் கரீப் மாமாவின் நடனம் வந்திருந்தது. புது கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். வியாழக்கிழமை, டிப்போக்காரர்கள் மூவரும் உண்டு. கம்பு சுழல்கிறது. கழுத்தைச் சுற்றி ஓடுகிறது. கரீப் மாமா நாற்காலியில் முன்னால் சாய்ந்துவிட்டார், தூங்கிப்போன கையின் விரல் ஒன்று ஆடியதை நான் பார்த்தேன். கம்பு மேலே போகிறது. விளக்குச் சரத்தைத் தாண்டுகிறது. அவர் திரும்ப ஆரம்பிக்கிறார்.

அவ்வளவுதான். படம் அங்கே நிற்கிறது. கம்பு ஆகாயத்தில், அவர் முதுகு நமக்கு.

ஷஹாத்தான் டொமினோவை அடுக்கிக்கொண்டே, நான் சொன்னேனே, கீழே விழுந்திருக்கும் என்றார்.

“பிடிச்சேன்,” என்றார் கரீப் மாமா.

“யார் பார்த்தா?”

நான் பார்த்தேன் என்றேன். நீங்கள் உங்கள் வீட்டுக்காரரின் கடையைக் காப்பாற்றப் பேசுகிறீர்கள் என்றார் ஷஹாத். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வீட்டுக்காரரோ பக்கத்தில் நின்றுகொண்டு, படம் இப்படி அந்தரத்தில் முடிவதுதான் கலை, இப்போது வெளிநாட்டில் எல்லோரும் இப்படித்தான் முடிக்கிறார்கள் என்று டிப்போக்காரர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஸ்டூடியோ கண்ணாடியில் அதையே விளம்பரமாக ஓட விட்டிருக்கிறார். நாள் முழுக்கக் கம்பு மேலே போகிறது. வரவே இல்லை.

அந்த அரைகுறைப் படத்தை நான் மூன்று இடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டேன். ஒன்று என் அரிசி டப்பாவில், ஒன்று டாக்டர் நெர்மீனிடம், ஒன்று மீலாதிடம். என்னைப் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் செத்த டிஸ்க்கை ஃப்ரீஸரில் வைத்த நாளிலிருந்து என் ஃபிரிட்ஜ் ஒரு மாதிரி முனகுகிறது. நேற்று மீலாத் கேட்டதற்கு, அது பழசு, அப்படித்தான் சத்தம் போடும் என்று என் வாயாலேயே சொன்னேன். சொன்ன பிறகுதான் யார் குரல் அது என்று தெரிந்தது.

இனி உங்களிடம் வருகிறேன். தமன்ஹூர் கல்யாணத்தில் நானூறு பேர் இருந்தீர்கள். போனையெல்லாம் உள்ளே வையுங்கள், எல்லாம் என் கேமராவில் இருக்கிறது என்று பஹ்கத் மேடையேறிச் சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள் என்றும் தெரியும். கம்பு கீழே வருகிற அந்த நாலு நொடி உங்களில் யாருடைய போனிலோ இருக்கிறது. அந்தப் போன் தினமும் காலையில் உங்களிடம் ஏதோ சொல்கிறது இல்லையா, இடம் நிறைந்துவிட்டது, நகல் எடுங்கள் என்று? நீங்களும் ஒன்றை அழுத்தி அதைப் போகச் சொல்கிறீர்கள் இல்லையா? என்ன காரணம் சொல்லிக்கொள்கிறீர்கள்? வெயிலா, டிராமா?

பக்கோஸ் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே, இப்போது இரண்டு நீல மணியும் வெளியே தொங்குகிற ஸ்டூடியோ. வாசல் நாற்காலியில் கரீப் மாமா இடது கையால் டொமினோ ஆடிக்கொண்டிருப்பார். வியாழக்கிழமை போனால் ஷஹாதும் இருப்பார், அதுதான் முக்கியம். அந்தப் போனோடு போய்க் கரீப் மாமாவைப் பாருங்கள். இந்த வியாழன். அடுத்த வியாழன் என்று இப்போது மனசுக்குள் சொன்னீர்களே, அது எனக்குக் கேட்டது.